ஓரெழுத்து

எட்டு நிமிடத்துக்கு ஒரு சாவு.
தயாரிப்பாளர் ஹன்யூதாவின் கணக்கு அது.
எழுபத்திரண்டு நிமிடப் படத்துக்கு
ஒன்பது பேர்.
"பத்தாவது ஆளை அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்,
பட்ஜெட் இல்லை" என்பார்.

நான் கொன்றிருக்கிறேன்,
பல் டாக்டரை, பல் டாக்டரின் மாமியாரை,
கப்பல் சமையல்காரனை அவனுடைய ஐஸ்பெட்டிக்குள்,
லிஃப்டில் மூன்று பேரை ஒரே இரவில்
(லிஃப்டுக்கு வாடகை அதிகம்).
நாற்பத்தோரு கதைகள்.
கரப்பான்பூச்சி வந்தால் மட்டும்
இன்றும் பக்கத்து வீட்டு ஓகவாராவைக் கூப்பிடுவேன்.

பதினோராவது கதையை எனக்காக எழுதினேன்.
எழுபத்துநான்கு, மழைமாதம்,
சோஃபு ஸ்டூடியோவுக்குப் பின்னால்
தமா ஆறு சேறாய் ஓடிய வாரம்.
காசு போட்டால் துவைத்துத் தரும் கடை,
நள்ளிரவு,
கடைசி ரயிலைத் தவறவிட்ட ஒரு நர்ஸ்.
சுற்றுகிற கண்ணாடி வட்டத்துக்குள்
துணிகளோடு துணியாய் ஒரு முகம்.

அந்த ஆவிக்கு நான் கொடுத்தது ஒரே சொல்.
க, எ, ரே.
கஎரே. வீட்டுக்குப் போ.
இந்த நேரத்தில் இங்கே நிற்காதே பெண்ணே,
நான் நின்றேன்,
பார் என் கதியை,
அவ்வளவையும் மூன்று எழுத்தில் அடைத்திருந்தேன்.
யாரையும் கொல்ல வராத ஆவி.
ஹன்யூதாவுக்கு இது தெரியாது,
சொல்லியிருந்தால் கதையே போயிருக்கும்.

மெழுகுத்தாளில் ஊசியால் கீறி
வசனப்பிரதி உருட்டித் தருபவர் இசோகாய்.
காய்ச்சல், முப்பத்தொன்பது டிகிரி.
விடிந்தால் படப்பிடிப்பு.
எ இருந்த இடத்தில்
வா வந்து உட்கார்ந்தது.
கவாரே.
ஆள் மாறு.
நீ நானாகு.

அன்று நான் வரி அலுவலக வரிசையில் நின்றிருந்தேன்.
எடுத்து முடித்த படத்தைத்தான் பார்த்தேன்.
ஈரத் தலையோடு அவள் அந்தச் சொல்லைச் சொன்னதும்
நர்ஸ் அலறினாள்,
முன்வரிசையில் விநியோகஸ்தர் அலறினார்,
ஹன்யூதா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு
"அகுட்சு, நீ பிசாசு!" என்றார் கண் கலங்க.
இரண்டு மாத வாடகை பாக்கி.
தலைகுனிந்தேன்.
நன்றியா வெட்கமா என்று
இந்த ஊரில் யாரும் பிரித்துக் கேட்பதில்லை.

புத்தாண்டுக்கு இசோகாய் ஒரு அட்டை போட்டார்.
"ஓரெழுத்து தவறிவிட்டது. மன்னிக்கவும்."
நான் பதில் போடவில்லை.
மறுவருடமும் அதே வரி.
அதற்கடுத்த வருடம்
கறுப்புக் கரையிட்ட அட்டையை அவர் மனைவி அனுப்பினாள்.

பிறகு எழுதிய முப்பதும்
அந்தப் பிழையின் கையெழுத்தில் எழுதியவை.
ஆள் மாற்றும் ஆவி, முகம் மாற்றும் ஆவி,
ஒருமுறை, வெட்கக்கேடு,
பல்செட் மாற்றும் ஆவி.
வீட்டுக்குப் போகச் சொன்னவளை
யாரும் திரும்பக் கேட்கவில்லை.
நானும்தான்.

போன மாதம் ஒசாகா,
ஷின்செகாய் சந்தில்
எலி மூத்திர வாசனையுள்ள பழைய தியேட்டர்,
விடிய விடியக் காட்சி.
நர்ஸ் தொப்பி போட்ட பையன்கள்,
சோப்புத்தூள் டப்பா ஏந்திய பெண்கள்.
முகம் சுற்ற ஆரம்பித்ததும் மூச்சடக்கி,
இருநூறு தொண்டையும் ஒன்றாக,
கவாரே!
கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.
என் மடியில் ஒரு துண்டு விழுந்தது.
தட்டிவிடத் தோன்றவில்லை.

வெளியே தூறல்.
பதினெட்டு வயது இருக்குமா அவளுக்கு,
முழங்கைக்குக் கீழே அந்தச் சொல்லைப்
பச்சை குத்தியிருந்தாள்.
அதன் கீழே என் பெயரை எழுதச் சொன்னாள்,
அப்படியே குத்திக்கொள்வாளாம்.
பேனாவைத் திறந்தேன்.
வா-வில் ஊசி கொஞ்சம் ஆழமாய் இறங்கியிருந்தது,
அந்த ஓரெழுத்து மட்டும் தடித்திருந்தது.
"கடைசி ரயில்?" என்று கேட்டேன்.
"போயாச்சு" என்றாள் சிரித்தபடி.
தெருவில் ஒரு கடைதான் திறந்திருந்தது,
உள்ளே ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்,
எனக்கே கேட்காத குரலில்
"கஎரே" என்றேன்.

"வசனம் தப்பு, சென்செய்" என்றாள்.